இரண்டு மூலைகளில் ஒரே கூடம்

வில்லோ ஃபோர்க், யூட்டா
மார்ச் 9, 1997

அன்புள்ள டாலின்,

நீ வரைந்த கட்டடம் என் அக்காவின் முகத்தை எனக்குக் காட்டாமல் மூடிவிட்டது. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வருகிறது, இல்லாவிட்டால் நான் நலம் விசாரிப்பதே பொய்யாகிவிடும். நீயும் மரீசாவும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், கோபத்திலும் அதை விடவில்லை. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, தீவன லாரியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறார். எனக்கு வான்கோழி இறைச்சி ஆலையில் ஈரத்தில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது, புதிதாக வந்த மேற்பார்வையாளன் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டான், செத்த வான்கோழி எங்களைவிட வேகமாகப் போகிறது. உன் தங்கை ரோமா பள்ளியில் வாலிபால் அணியில் சேர்ந்திருக்கிறாள், அணியோடு பேசுகிறாள், வீட்டில் பேசுவதில்லை. பனி இன்னும் முழுக்க உருகவில்லை.

கோர்லிஸ் பெரியம்மாவின் அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதில் எனக்குக் குறையில்லை, நீ இருக்கும் ஹூஸ்டன் பக்கத்திலா இருக்கிறது. ஆனால் அங்கே எனக்கு நடந்ததை அவள் மகன் ட்ரென்ட் உனக்குப் போனில் வேடிக்கைக் கதையாகச் சொன்னான் என்றும் நீயும் சிரித்தாய் என்றும் கேள்விப்பட்டேன். அது வேடிக்கைக் கதை இல்லை, அதனால் நானே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. அம்மா போனபிறகு எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான், அது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாள், அது உனக்குத் தெரியாது. நீ ஆண்பிள்ளை, அந்த அறைக்குள் நின்றிருக்கமாட்டாய், அதனால் விளக்கிச் சொல்கிறேன். நம் மோர்மன் முறைப்படி ஆலய உடை உடுத்திப் பெட்டியில் கிடத்திய பெண்ணுக்கு, பெட்டியை மூடுமுன் தலையிலிருக்கும் மெல்லிய வெள்ளைத் துணியை முகத்தின்மேல் இறக்கிவிடுவோம். அதை இறக்குகிறவள்தான் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறவள். “அத நீதான்டி பண்ணணும், என் மருமக ஷானாகிட்ட விட்டா இஸ்திரி போட்ட மாதிரி இழுத்து வச்சிருவா, எனக்கு மூச்சு முட்டும்” என்றாள். செத்த பிறகு எப்படி மூச்சு முட்டும் என்று கேட்டதற்கு, “எனக்கு முட்டும், நீ வந்துரு” என்றாள். வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் வேறு எதையும் என்னிடம் கேட்கவில்லை.

அவள் கடைசிக் காலத்தில் ட்ரென்ட் வீட்டோடு இருந்த சில்வர் மெடோ உனக்குத் தெரிந்த ஊர்தான், நீ சால்ட் லேக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சபைக் கூடங்கள் வரைந்தாயே, அதே ஊர். அந்தப் படத்தை நீ நம் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினாய், அப்பா அதை மாதக்கணக்கில் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். அடக்கத்தன்று சனிக்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போதே பனி, மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு டிரக் குறுக்கே நின்றுவிட்டது, நான் மடியில் அடக்கத்துச் சாப்பாட்டுக்கான சீஸ் உருளைக்கிழங்குத் தட்டை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஷானா போனில் வழி சொல்லியிருந்தாள், “பள்ளிக்கூடம் தாண்டினா இடது மூலையில செங்கல் கூடம் சித்தி, கூரை மேல வெள்ளைக் கூம்பு தெரியும், தப்பவே முடியாது” என்று. பள்ளிக்கூடம் வந்தது, இடது மூலை வந்தது, செங்கல் இருந்தது, வெள்ளைக் கூம்பு இருந்தது, வாசலில் சவ வண்டியும் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்களும் இருந்தார்கள். இதற்குமேல் ஒருத்திக்கு என்ன அடையாளம் வேண்டும். அந்த ஊரில் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அதைத் தாண்டினால் இன்னொரு இடது மூலை இருக்கிறது, அங்கேயும் அன்று காலை ஒரு சவ வண்டி நிற்கிறது என்று எந்தத் தேவதை வந்து எனக்குச் சொல்லும்.

அப்பா என்னை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். நான் பக்கவாட்டுக் கதவால் சமையல் அறைக்குப் போனேன், கதவு எங்கே என்று தேடவில்லை. ஏப்ரன் கட்டிய ஒருத்தி, “இன்னொண்ணா, வைங்க வைங்க, மேல கார்ன்ஃப்ளேக்ஸ் தூவியிருக்கா, நல்லதாப் போச்சு” என்று தட்டை வாங்கிக்கொண்டாள். யாரென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அதே மாதிரி ஏழெட்டுத் தட்டுகள் அங்கே ஏற்கெனவே ஆவி விட்டுக்கொண்டிருந்தன. பிறகு என் கால்கள் தாமாக நடந்தன. கழிவறைகளுக்கு நடுவே தண்ணீர்க் குழாய், உரசினால் தோலைச் சிராய்க்கும் அந்தச் சணல் துணி ஒட்டிய சுவர், பூப்போட்ட சோபா, அதற்குமேல் எல்லாக் கூடத்திலும் தொங்குகிற அதே படம், திரும்பினால் பெண்கள் சங்க அறை, பெட்டியை அங்கேதான் வைப்பார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நான் அதற்குமுன் காலடி வைத்ததில்லை டாலின், ஆனால் கண்ணைக் கட்டி விட்டிருந்தாலும் அந்த அறைக்குப் போயிருப்பேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறை வாசலில் நின்ற ஆள் கையை நீட்டி என்னைத் தடுத்தான். “குடும்ப ஜெபம் முடிஞ்சிருச்சு சகோதரி, பெட்டிய மூடியாச்சு” என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். உள்ளேயிருந்து பெட்டியைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன், மரத்தின்மேல் ஒரு தடவை கை வைத்தேன், வந்துட்டேன்டி, தாமதமாகிப்போச்சு என்று மனசுக்குள் சொன்னேன். முன்வரிசைகள் நிரம்பியிருந்தன, கூடத்துக்கும் கூடைப்பந்து விளையாடும் இடத்துக்கும் நடுவிலிருக்கும் மடிப்புத் தட்டியை இழுத்துவிட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், கடைசியில் உட்கார்ந்தேன். தலைக்குமேலே பந்து வளையம், காலுக்குக் கீழே ஆட்டக்கோடு. முன்னால் இருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது, கோர்லிஸின் புதுச் சபையில் எனக்கு யாரைத் தெரியும், ட்ரென்ட்டின் தலை என்று ஒரு தலையை நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ஆர்கன் மெதுவாக இழுத்தது. உன் பெரியம்மா ஆர்கனில் உட்கார்ந்தால் பாட்டு ஓட்டம்தான், பிஷப் கண்டித்தால், “சீக்கிரம் முடிஞ்சா ஜனங்க சீக்கிரம் சாப்பிடப் போவாங்கல்ல” என்பாள். அவளுடைய அடக்கத்தில் இப்படி வாசிக்கிறார்களே என்று முதலில் அதற்குத்தான் கோபம் வந்தது. அப்புறம் ஒருவர் எழுந்து அவள் வாழ்க்கையைச் சொன்னார். தெருவில் எல்லார் வீட்டுக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்தாளாம், பிறந்த குழந்தைக்கெல்லாம் மெத்தைவிரிப்புத் தைத்தாளாம், சபை எந்த ஊழியத்தைக் கொடுத்தாலும் முடியாது என்று சொன்னதே இல்லையாம். என் அக்கா சுட்ட ரொட்டியை நாய் மோந்துபார்த்துவிட்டுப் போகும். ஊழியம் கொடுத்தால் முதலில் முடியாது என்பாள், அப்புறம் எல்லாரையும் திட்டிக்கொண்டே மற்ற எவளையும்விட நன்றாகச் செய்வாள். செத்ததும் இவளை இழைத்து இழைத்து எல்லாப் பெண்களையும் மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று வயிறு எரிந்தது, எரிந்தாலும் அழுதேன், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன், பக்கத்து நாற்காலிக்காரி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

அப்பா நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், வாசலில் கொடுத்த நிகழ்ச்சித் தாள் அவர் கையில் இருந்தது. சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தவர் என் காதருகே குனிந்து, “ஜெனீல், இது நம்ம ஆளு இல்ல” என்றார். “நானும் அதத்தான் சொல்றேன், யாரப் பத்தியோ பேசிட்டிருக்காங்க” என்றேன். “அது இல்லடி, பெட்டிக்குள்ளயே நம்ம ஆளு இல்ல” என்று தாளைக் காட்டினார். பெரிய கண்ணாடி போட்ட ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள், பெயர் ஃபெர்ன்.

வெளியே ஓடினோம், வாசலில் நின்றவன் இன்னொரு கூடத்துக்கு வழி காட்டினான். அடுத்த பள்ளிக்கூடம், அடுத்த மூலை, வண்டி நின்றதும் நான் உன் அப்பாவைச் சத்தம் போட்டேன், சுத்திச் சுத்தி அதே இடத்துக்குக் கொண்டுவந்துட்டீங்களே என்று. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, இறங்கிப்போய்ச் சுவரில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வந்து, “இல்ல, இது வேற சபை” என்றார். உள்ளே அதே குழாய், அதே சணல் சுவர், அதே பூப்போட்ட சோபா, அதே படம். பெண்கள் சங்க அறை காலியாக இருந்தது, கூடத்தில் பெட்டி மூடியிருந்தது, என் அக்காவைப் பற்றி யாரோ ரொட்டி சுட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ட்ரென்ட் வந்தான். “உங்களுக்காகத்தான் சித்தி பெட்டியத் தொறந்து வச்சுக் காத்துக்கிட்டே இருந்தோம், மலையில பனின்னு எல்லாரையும் பொறுக்கச் சொன்னேன், பிஷப் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு, மத்தியானம் இங்க ஒரு கல்யாண விருந்தாம், மேஜை போடணுமாம்” என்றான். துணியை ஷானாதான் இறக்கினாள். நல்ல பெண், அழுதுகொண்டே வந்து, “சமமா இழுத்து விட்டேன் சித்தி, ஒரு சுருக்கம் இல்லாம” என்று என்னிடம் சொன்னாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய. அந்த இன்னொரு வாசலில், மூடியாச்சு என்று ஒருவன் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், நாலு தெரு தள்ளி கோர்லிஸின் பெட்டி திறந்துதான் இருந்தது. நான் உட்கார்ந்து வேறொருத்திக்காக அழுதுகொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் அந்த ஊர் பிஷப் என்னைத் தேற்றினார். “இது எங்களுக்குப் பழகிப்போச்சு சகோதரி, போன மாசம் ஒரு மாப்பிள்ளையோட சித்தப்பா வேற கல்யாணத்து வரிசையில நின்னு எல்லார்கிட்டயும் கை குலுக்கி, பரிசையும் குடுத்துட்டு, பொண்ணு நல்லா வளந்துட்டான்னு சொல்லிட்டுப் போனாரு” என்றார். மேஜையே சிரித்தது, வாயில் உருளைக்கிழங்கோடு சிரித்தார்கள். ட்ரென்ட்டும், “அம்மா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க” என்றான். சிரித்திருப்பாள்தான். ஆனால் சிரிக்க அவள் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை ஆலையில் எனக்கு எதிரே நின்று இறகு பிடுங்கும் சொகோரோவிடம் சொன்னேன், அவள் மெக்சிகோக்காரி, கத்தோலிக்கப் பெண், அவள் சிரிக்கவில்லை. “எங்க மாதா ஊருக்கு ஊர் வேற முகம், வேற நிறம், வேற உடை. உங்க மோர்மன் சாமிக்கு முகமே வைக்கலயா, கூம்பு மட்டுந்தானா” என்று கேட்டாள். அந்தக் கூம்புக்குள் மணிகூட இல்லை, உனக்கே தெரியும்.

உன் அப்பா உன் பக்கம். நெப்ராஸ்காவுக்கு லாரி ஓட்டிய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளரவமில்லாத ஏதோ ஊரில் ஒரு கூடத்துக்குள் போனாராம், “தண்ணிக் குழாய் எங்கன்னு நான் ஒருத்தரையும் கேக்கல, ஊருக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு, அது சின்ன விஷயமா” என்கிறார். சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தனியாகக் கிடக்கும் ஒரு மனுஷனுக்கு அது நல்லதுதான், அதற்குள் ஒரு அழகுகூட இருக்கிறது, எங்கே போனாலும் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம் என்று சொல்கிற அழகு. ஆனால் ஒரு ஜனத்தையே இப்படிப் பழக்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார். கால் போகிற பக்கம் போகிறோம், கண் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. யார் செத்தது என்றுகூடப் பார்க்காமல் பெட்டிமேல் கை வைக்கிறோம், யார் கொண்டுவந்தது என்று பார்க்காமல் தட்டை வாங்கி வைக்கிறோம். சில்வர் மெடோவில் வீடுகளும் அப்படித்தான், உன் வயசுப் பையன்கள் முப்பது வருஷத்துக் கடன் வாங்கி அடுத்த வீட்டுக் கதவில் தங்கள் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்கிறார்கள். இதையெல்லாம் முடிவு செய்கிறவர்களின் வீடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தின் முறை வந்தது. கூரை இனித் தாங்காது, இடித்துவிட்டுப் புதுசு கட்டப்போகிறோம், படம் நம் டாலின் வேலை செய்யும் அலுவலகத்திலிருந்தே வரப்போகிறது என்று பிஷப் டெல் அறிவித்தார். எல்லாத் தலையும் அப்பா பக்கம் திரும்பியது, சந்தோஷத்தில் அவருக்குக் காது சிவந்துவிட்டது. நன்றி தெரிவிக்கக் கையுயர்த்துங்கள் என்றார், பெஞ்சு பெஞ்சாகக் கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்கள் இருந்தால் அதேபோல் உயர்த்தலாம் என்று வழக்கம்போலத் தலை நிமிராமலே சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார், அதைக் கேட்டு எவரும் கையுயர்த்தி நம் ஊர் பார்த்ததில்லை. நான் உயர்த்தினேன். அப்பா என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்து, “ஏய், நேரம் தப்பித் தூக்கறே, அது முடிஞ்சு போச்சு” என்று கிசுகிசுத்தார். “நேரம் சரிதான்” என்றேன், கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. ரோமா பெஞ்சுக்கடியில் போய்விடுகிற மாதிரி சரிந்தாள். முன்வரிசையில் ஆர்வா கிழவி திரும்பிப் பார்த்து, “பாவம், அக்கா போனதுலேருந்து இவளுக்கு இப்படி” என்று பக்கத்திலிருந்தவளிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

கூட்டம் முடிந்ததும் டெல் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வாரம் முழுக்க டயர் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிஷப் ஆகிற மனுஷன், நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாது, கெட்டவர் இல்லை. “கூரை ஒழுகுது ஜெனீல், பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு கழிவறை, சக்கர நாற்காலி ஏற வழியில்ல, நீ போய் வாளி வைக்கிறியா” என்றார். வைக்கிறேன் என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன், புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதே வேண்டாம் என்கிறேன், என்று. நம் கூடத்தைக் கட்டியவர்கள் ஏழைகள், ஓக் மரம் வாங்க வழியில்லாமல் பைன் மரத் தூணில் சீப்பும் இறகும் வைத்து ஓக் மாதிரி வரி வரியாகத் தீட்டினார்கள். இடதுபக்க மூன்றாவது தூணில் தீட்டியவன் வரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டான், சின்ன வயசில் பிரசங்கம் நீளும்போது நானும் கோர்லிஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பொய் மரம்தான், ஆனால் ஒருத்தன் கையால் சொன்ன பொய். மலையிலிருந்து வெட்டிய அந்த வெண்ணெய் நிறக் கல் மாலை வெயிலில் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு டெல் எழுந்து எனக்காகக் கதவைத் திறந்தார். அப்புறம், “நான் முடிவு பண்றதா இது, படம் மேல தலைமையகத்துலேருந்து வருது. உன் பையன்தானே வரையறான், அவனக் கேளு” என்றார்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து கேட்டேன். “நான் எங்கம்மா வரையறேன், வர்ற படத்த மனைக்குத் தக்க மாதிரி திருப்பி வைக்கிறேன், அவ்ளோதான்” என்றாய். அடியில் உன் பெயர் இருக்கிறதா இல்லையா என்றதற்கு நீ மரீசாவிடம் போனைக் கொடுத்துவிட்டாய், அவள் குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றாள். பல் முளைப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். திருப்பி வைக்கிறவன், நான் இல்லை என்கிறான், மேலே இருப்பவர்கள் ஜனங்கள் கையுயர்த்தினார்கள் என்கிறார்கள், ஜனங்கள் பிஷப் சொன்னார் என்கிறார்கள், எல்லார் கையும் சுத்தமாக இருக்கிறது, என் கை மட்டும் அவள் கேட்டதைச் செய்யாமல் கிடக்கிறது.

குழந்தைக்கு ஈறு வலித்தால் ஈரத் துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுக்கச் சொல், கண்ட மருந்தையும் தடவ வேண்டாம். மரீசா நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நீயும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. உங்கள் வீட்டுக்கு நோயும் மனக்கசப்பும் வராமல் ஆண்டவர் காக்கட்டும், மூன்று பேரும் நன்றாக இருங்கள், இதை முழு மனசோடுதான் எழுதுகிறேன். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே, ஆனால் நேராக வீட்டுக்கு வராதே. முதலில் சில்வர் மெடோவுக்குப் போ. இரண்டு மூலைகளிலும் போய் நின்று பார், பெயர்ப் பலகையைப் படிக்காதே, யாரையும் கேட்காதே. என் அக்கா முகம் திறந்தபடி எந்தக் கூடத்தில் எனக்காகக் காத்துக்கிடந்தாள் என்று, வரைந்தவன் நீ, எனக்குச் சொல்.

உன் அம்மா,
ஜெனீல்